சோகமும் சுலோகமும்: இரவீந்திரநாத தாகூர் கண்ட துயர்நெறி

வடமொழி இலக்கிய மரபிலே கவிதையின் பிறப்பினை விளக்கும் கதையொன்று உண்டு. தமசை நதிக்கரையில் இணைந்து விளையாடிய கிரவுஞ்சப் பறவைகளுள் ஆணினை வேடன் ஒருவன் எய்து வீழ்த்தினான், பெட்டை அரற்றியது. அதனைக் கண்ட வான்மீகி முனிவரின் சோகமே சுலோகமாய் வெளிப்பட்டது என்பது அக்கதை. பிற்காலத்திலே ஆனந்தவர்த்தனர் தமது த்வன்யாலோகத்தில் இதனையே கவிதைக் கொள்கையொன்றுக்குச் சான்றாக எடுத்தாண்டார். துயர் நெஞ்சிற் பட்ட அக்கணமே பாவாயிற்று என்பது இக்கதையின் உட்கிடை. கேட்பதற்கு இனியதும் நினைவில் நிறுத்துதற்கு எளியதுமான இக்கருத்தினைப் பலரும் ஆராயாது ஏற்றுக் கொள்வர். ஆயின், ஒரு படைப்பாளியின் வாழ்விலே துயரம் இவ்வாறுதான் தொழிற்படுகின்றதா என்பது வினவுதற்குரியது.

இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு மகாகவி இரவீந்திரநாத தாகூரின் வாழ்வினும் சிறந்த சான்று கிடைத்தல் அரிது. 1881 ஆம் ஆண்டிலே கல்கத்தாவின் ஜோராசாங்கோ மாளிகையில் 'வால்மீகிப் பிரதிபை' என்னும் இசைநாடகம் அரங்கேறிற்று. கொள்ளைக்காரன் ஒருவன் கருணை பிறக்கப் பெற்றுக் கவியாகும் கதை அது. அதனை இயற்றியவரும் அதில் வான்மீகியாக நடித்தவரும் பத்தொன்பது வயது இளைஞராகிய தாகூரே. சோகம் சுலோகமாகும் அற்புதத்தை அரங்கிலே நடித்துக் காட்டிய அவ்விளைஞர், அது தம் வாழ்வில் எத்துணைக் காலதாமதத்தோடும் எத்துணைக் கடுமையான விலை கொடுத்தும் நிகழப்போகின்றது என்பதை அன்று அறிந்திருக்க வழியில்லை. மூன்றாண்டுகள் கழிந்த சிறிது காலத்திலே அப்பாடம் தொடங்கிவிட்டது.

தாகூர் தமது ஐம்பதாம் வயதை அடுத்து எழுதி, 1912 இல் நூலாக வெளியிட்ட 'ஜீவன ஸ்மிருதி' தன்வரலாறு எனப் பொதுவாகக் கூறப்படும். எனினும் அதனை வரலாறு எனக் கொள்ள வேண்டாம் என்று தொடக்கத்திலேயே அவர் எச்சரிக்கின்றார். நினைவு என்பது நிகழ்ந்தவற்றை நிகழ்ந்தவாறே பதிந்து வைக்கும் கணக்கப்பிள்ளை அன்று. அது தன் விருப்பிற்கேற்பச் சிலவற்றை விடுத்தும் சிலவற்றைப் பெருக்கியும் சித்திரம் வரையும் ஓவியன் என்பது அவர் கருத்து. இக்கருத்து அந்நூலிலே துயரம் பற்றி அவர் எழுதிய அத்தியாயத்துக்கு மிகவும் பொருந்துவதாகும்.

அவ்வத்தியாயம் அன்னையின் மறைவோடு தொடங்குகின்றது. 1875 ஆம் ஆண்டிலே, தாகூர் பதின்மூன்று வயதுச் சிறுவனாக இருந்தபோது, சாரதா தேவி காலமானார். நள்ளிரவில் வீட்டின் பழைய பணிப்பெண்ணொருத்தி சிறுவர்கள் உறங்கிய அறைக்குள் அலறிக்கொண்டு ஓடிவந்தாள். குழந்தைகளுக்கு அவ்விரவிலே அதிர்ச்சி உண்டாகலாகாது எனக் கருதிய அண்ணியார், அவளைக் கடிந்து வெளியே இழுத்துச் சென்றார். காலையில் முற்றத்திலே கட்டிலில் கிடத்தப்பட்டிருந்த அன்னையின் முகத்திலே சாவின் கொடுமை எதனையும் சிறுவன் காணவில்லை. ஈமக்கடன் முடிந்து வீடு திரும்பியபோதுதான் அன்னை இனி இவ்வாயில் வழியே வரமாட்டார் என்னும் உணர்வு முதன்முதலாகத் தாக்கியது. அதன்பின் தாயற்ற சிறுவர்களை ஊட்டியும் உடுத்தியும் பேணும் பொறுப்பினை அவ்வீட்டின் இளைய மருமகள் ஏற்றுக்கொண்டார்.

இதன்பின் தாகூர் கூறும் ஒரு செய்தி உற்றுநோக்கற்பாலது. ஆண்டுகள் பல சென்றபின், வாலிபப் பருவத்து வேனிற் காலை நேரங்களில், பாதி விரிந்த மல்லிகை அரும்புகளை மேலாடை நுனியில் முடிந்துகொண்டு திரிவது அவர் வழக்கம். அம்மென்மலர்களை நெற்றியில் ஒற்றிக்கொள்ளும் போதெல்லாம் அன்னையின் விரல்கள் தீண்டியது போன்ற உணர்வு உண்டாகுமாம். இறந்த நாளிலே பெரிதும் உணரப்படாத இழப்பு, பின்னொரு நாள் மலரின் தண்மையாய்த் திரும்பி வருகின்றது. துயரம் நிகழும் நாள் வேறு, அது பொருளுடையதாகும் நாள் வேறு என்னும் உண்மை இங்கே முதன்முறையாகப் புலனாகின்றது.

சிறுவர்களை மரணத்தின் அதிர்ச்சியிலிருந்து காத்து வளர்த்த அண்ணியார் காதம்பரி தேவி ஆவார். தாகூரின் தமையனார் ஜோதிரிந்திரநாதரின் மனைவி. இளங்கவிஞரின் முதல் வாசகரும் அவருடைய கவிதைகளை நயந்தும் கடிந்தும் நெறிப்படுத்திய முதல் விமரிசகரும் அவரே. 1884 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மரணத்தோடு தமக்கு நிலையான அறிமுகம் ஏற்பட்டது அப்போதுதான் என்று எழுதும் தாகூர், இறந்தவரின் பெயரையோ, இறந்த வகையையோ அவ்விடத்தில் ஒரு சொல்லாலும் குறிப்பிடவில்லை. பெயர் சுட்டாத இம்மௌனத்தைச் சிலர் குடும்ப மானத்தின் பொருட்டு எழுந்த மறைப்பு எனக் கருதலாம். அதுவும் ஒரு காரணமாதல் கூடும். ஆயினும் நூலின் அமைப்பினைக் கருதுவோர்க்கு வேறொன்றும் தெளிவாகும். மரணத்தின் அலறலை அறைக்கு வெளியே இழுத்துச் சென்ற அதே கரங்களின் மறைவுதான் மரணத்தை அவருக்கு அறிமுகம் செய்தது என்பதை, பெயர் எதுவும் சொல்லாமல், இரு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்து நிறுத்தியே அவர் உணர்த்திவிடுகின்றார்.

இந்நிகழ்ச்சி தமது இருபத்து நான்காம் வயதில் நேர்ந்ததாகத் தாகூர் எழுதுகின்றார். அவர் பிறந்தது 1861 மே மாதம் ஆதலின், அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது நிரம்பவும் சில நாட்கள் எஞ்சியிருந்தன. வரலாற்று ஆசிரியன் இதனைப் பிழை என்பான். நினைவாகிய ஓவியன் கணக்கப்பிள்ளை அல்லன் என்று அவர் முன்னரே கூறியிருத்தலின், இப்பிழையே அவர் கூற்றுக்குச் சான்றாகிவிடுகின்றது.

அத்துயரைப் பற்றித் தாகூர் தருஞ் சித்திரம் இரு பகுதிகளை உடையது. மரங்களும் நிலமும் ஞாயிறும் திங்களும் விண்மீன்களும் முன்போலவே நின்றன. அவையனைத்தினும் மெய்யாகத் தோன்றிய ஒருவர் மட்டும் கனவுபோல் மறைந்துவிட்டார். உள்ளதனையும் இல்லாததனையும் எவ்வாறு பொருத்துவது என்னும் திகைப்பே முதற் பகுதி. இருளிலே அடைபட்ட இளஞ்செடி ஒளியை நாடி நுனிவிரலில் எழுவது போலத் தம் உள்ளம் தவித்ததாக அவர் கூறுகின்றார். இரண்டாம் பகுதி எதிர்பாராதது. அவ்விருளினிடையே அவ்வப்போது ஓர் இலேசான மகிழ்ச்சிக் காற்றும் வீசிற்று என அவர் வியப்போடு ஒப்புக்கொள்கின்றார். வாழ்வு நிலையானதன்று என்னும் துயரச் செய்தியே, மனிதன் நிலைத்த சுவர்களுக்குள் என்றென்றும் அடைபட்ட கைதியல்லன் என்னும் விடுதலைச் செய்தியாகவும் அமைந்தது. உலகினை அதன் முழு அழகோடும் காண்பதற்கு வேண்டிய தொலைவினை மரணம் அவருக்குத் தந்தது. அந்நாட்களில் உலக வழக்கங்கள் பொருளற்றனவாய்த் தோன்ற, வேட்டியின்மேல் முரட்டுப் போர்வையும் காலில் செருப்புமாக நாகரிகமிக்க ஆங்கிலப் புத்தகசாலைக்குச் சென்றதையும், மழையிலும் குளிரிலும் மூன்றாம் மாடித் தாழ்வாரத்திலே படுத்துறங்கியதையும் அவர் ஒளிக்காது சொல்லுகின்றார்.

இச்சித்திரம் துயர் நேர்ந்து ஏறக்குறைய இருபத்தேழு ஆண்டுகள் கழிந்தபின் தீட்டப்பட்டது என்பதை மறத்தலாகாது. துயர் நேர்ந்த காலத்தை அடுத்து அவர் எழுதிய 'புஷ்பாஞ்சலி' என்னும் உரைநடைப் பகுதி முற்றிலும் வேறு தன்மையது. அது இறந்தவரையே முன்னிலைப்படுத்தி அரற்றுவது. அழுகையிலிருந்து இன்னும் விடுபடாதது. உள்ளத்தின் உண்மை அதில் உண்டு. ஆயின் அது கலையாகக் கனியவில்லை. வான்மீகியின் கதை கூறுமாறு சோகம் அக்கணமே சுலோகமாகும் என்பது மெய்யாயின், 'புஷ்பாஞ்சலி' 'ஜீவன ஸ்மிருதி'யினும் உயர்ந்ததாக இருத்தல் வேண்டும். அவ்வாறன்றி மறுதலையே காணப்படுகின்றது. இடையே நின்று வேலை செய்தது காலமும் நினைவும் ஆகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இழப்புக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1901 இன் இறுதியில் சாந்திநிகேதனத்தில் தாகூர் தொடங்கிய பள்ளிக்குத் தம் அணிகலன்களை ஈந்து உதவிய மனைவி மிருணாளினி தேவி, 1902 நவம்பர் 23 ஆம் நாள் மறைந்தார். 1903 இல் மகள் ரேணுகாவும், 1905 இல் தந்தையார் மகரிஷி தேவேந்திரநாதரும், 1907 நவம்பர் 23 ஆம் நாள், அன்னை மறைந்த அதே தேதியில், இளைய மகன் சமீந்திரநாதனும் பிரிந்தனர். சமீந்திரன் வாந்திபேதி நோயினால் முங்கேரில் இறந்தபோது அவனுக்குப் பதினொரு வயது நிரம்பவில்லை.

மனைவியின் மறைவை ஒட்டி எழுந்த 'ஸ்மரண்' என்னும் கவிதைத் தொகுதியைத் திறனாய்வாளன் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். அதிலே துயரம் உண்மையானது, சொல்லும் செப்பமானது. எனினும் மிருணாளினி என்னும் தனிப் பெண்ணை அதில் காண்பது கடினம். வீட்டிலே நடமாடிய இல்லாள் விரைவிலே உலகெங்கும் நிறைந்த திருவாகவும், வழிபாட்டுக்குரிய ஒளியாகவும் மாறிவிடுகின்றார். அணிகலன்களைக் கழற்றிக் கொடுத்த கைகள் அக்கவிதைகளில் புலனாவதில்லை. ஆறுதலை நோக்கிக் கவிஞர் சற்றே விரைந்துவிட்டார் என்று கூறுதல் அவருக்கு இழுக்காகாது.

அதற்கு மாறானது 'சிசு' என்னும் தொகுதி. நோயுற்ற ரேணுகாவை அழைத்துக்கொண்டு 1903 இல் இமயச் சாரலில் உள்ள அல்மோராவில் தங்கியிருந்த காலத்தில் இக்கவிதைகளுட் பல எழுதப்பட்டன. தாயை இழந்த பிள்ளைகளின் தந்தை, மகளின் நோய்ப்படுக்கையருகே இருந்துகொண்டு எழுதியவை அவை. ஆனால் அவற்றில் அழுகை இல்லை. குழந்தையொன்று தாயோடு ஓயாது பேசுகின்றது, வினவுகின்றது, வீரனாகித் தாயைக் காப்பதாகக் கற்பனை செய்கின்றது. மெய்வாழ்வில் இல்லாதொழிந்த தாய் கவிதை முழுவதும் அமர்ந்திருக்கின்றாள். இழப்பைப் பற்றி ஒரு சொல்லும் கூறாமல், இழந்ததனை மீளப் படைத்துத் தருதலே இங்குத் துயரின் தொழிலாகின்றது. 'ஸ்மரண்' தொகுதியில் ஆசிரியர் தம் துயரைப் பேசினார். 'சிசு' தொகுதியில் தம் துயரை மறந்து பிள்ளைகளின் தேவையைப் பேசினார். பின்னதே உயர்ந்த கவிதையாயிற்று. இதன் பல பாடல்கள் 1913 இல் 'பிறைநிலா' என்னும் பொருள்படும் ஆங்கில நூலாகி உலகெங்கும் பரவின.

சமீந்திரனின் மறைவும் இவ்வாறே நெடுநாள் உள்ளிருந்து கனிந்தது. நிலவொளியைப் பொருளாகக் கொண்ட தாகூரின் இசைப்பாடலொன்று மகன் இறந்த இரவிலேயே பிறந்தது எனப் பலர் நம்பி வருகின்றனர். அப்பாடல் 1914 ஆம் ஆண்டுக்குரியது. மகன் இறந்து ஆறாண்டுகளுக்கு மேற் கழிந்தபின் இயற்றப்பட்டது. சோகம் உடனே சுலோகமாக வேண்டும் என்னும் மக்களின் ஆவல் எத்துணை வலியது என்பதற்கு இந்நம்பிக்கை எடுத்துக்காட்டாகும்.

1911 இல் எழுதப்பட்ட 'டாக்கர்' என்னும் தபால் நிலைய நாடகத்திலே இக்கனிவு முழுமை பெறுகின்றது. நோயுற்ற சிறுவன் அமலை வீட்டைவிட்டு வெளிவரலாகாது என வைத்தியர் தடுத்துள்ளார். சாளரத்தருகே அமர்ந்து தயிர்க்காரனோடும் காவற்காரனோடும் மலர் பறிக்கும் சிறுமி சுதாவோடும் அவன் உரையாடுகின்றான். எதிரே அமைந்த தபால் நிலையத்திலிருந்து அரசனின் கடிதம் தனக்கு வரும் எனக் காத்திருக்கின்றான். இறுதியில் அரசனின் வைத்தியர் வந்து, அடைத்த கதவுகளையும் சாளரங்களையும் திறக்கச் செய்கின்றார், சிறுவன் உறங்குகின்றான். மலரோடு வரும் சுதா, தான் அவனை மறவாமையைச் சொல்லிச் செல்வதோடு நாடகம் முடிவடைகின்றது. அமல் சமீந்திரனே எனக் கூறுதல் எளிது. ஆயின் அவ்வாறு கூறிவிடின் நாடகம் சிறுத்துவிடும். ஒரு தந்தையின் துயரம் எந்தத் தந்தைக்கும், எந்தக் குழந்தைக்கும் உரியதாக விரிந்துவிட்டமையே அதன் சிறப்பு. 1942 ஜூலை மாதத்திலே, நாஜிகளால் அடைக்கப்பட்ட வார்சா நகரத்து யூதர் சேரியில் அநாதை இல்லம் நடத்திய யானுஷ் கோர்சாக் என்னும் வைத்தியர், தம் பிள்ளைகளைக் கொண்டு இந்நாடகத்தையே நடிப்பித்தார். அடுத்த மாதம் அவரும் பிள்ளைகளும் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். வங்காளத்துத் தந்தையொருவரின் துயரம் வேறொரு கண்டத்துப் பிள்ளைகளின் கடைசி நாட்களில் துணைநின்றது.

இங்கே ஒரு மறுப்பு எழுதல் இயல்பு. இத்துணை அமைதி மனித இயல்புக்கு ஒத்ததா? துயரைத் தொலைவில் நிறுத்தி அழகு காண்பது உள்ளத்தின் வறட்சி ஆகாதா? தமிழ் மரபறிந்தோர் இவ்வினாவைச் சிறப்பாக எழுப்புவர். தொல்காப்பியர் அழுகை என்னும் மெய்ப்பாட்டின் நிலைக்களன்களுள் இழவினை ஒன்றாக வைத்தார். புறநானூற்றுக் கையறுநிலைப் பாடல்கள் இழந்தவனை அவனுடைய ஊரோடும் மலையோடும் கொடையோடும் சேர்த்தே நினைப்பவை. கபிலர் பாரியைப் பறம்பிலிருந்து பிரித்து நினைப்பதில்லை. ஒல்லையூர்ப் பெருஞ்சாத்தன் மறைந்தபோது குடவாயிற் கீரத்தனார், அவ்வூர் முல்லை பூத்து நிற்பதையே குறையாகக் கொண்டு அதனோடு வழக்காடுகின்றார். தலைவன் மாய்ந்த பின்னும் மலர்கள் மலர்வது அவருக்குப் பொறுக்கவொண்ணாத முரண்பாடு. இக்கொள்கையை நோக்கத் தாகூரின் அமைதி குறைபாடாகத் தோன்றலாம். 'ஸ்மரண்' பற்றிய மட்டில் அக்குறை முற்றிலும் மறுத்தற்குரியதும் அன்று.

ஆயின், 1884 இல் மரமும் திங்களும் முன்போல் நிற்கக் கண்டு திகைத்த தாகூர், கீரத்தனார் நின்ற அதே இடத்திலேதான் நின்றார். அங்கிருந்து அவர் வேறொரு முடிவுக்கு வந்துசேர நெடுங்காலம் ஆயிற்று. அம்முடிவினை 1932 ஆம் ஆண்டுக் கடிதமொன்று காட்டுகின்றது. அவருடைய மகள் மீராவின் ஒரே மகன் நீதீந்திரன் அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்திலே ஜெர்மனியில் காலமானான். மகளுக்கு எழுதிய ஆறுதற் கடிதத்திலே, சமீந்திரன் இறந்த மறுநாள் இரவு தாம் புகைவண்டியில் வந்ததை எழுபத்தொரு வயதுத் தந்தை நினைவுகூர்கின்றார். வானம் நிலவில் மிதந்தது. எங்கும் எதுவும் குறைந்ததற்கு அடையாளமில்லை. குறையவில்லை, அனைத்தும் அனைத்திலும் இருக்கின்றன, தாமும் அவற்றினுள் இருக்கின்றார், அவ்வனைத்தின் பொருட்டும் தம் பணி எஞ்சியுள்ளது என்று தம் மனம் கூறியதாக அவர் எழுதுகின்றார். அன்று கண்ட நிலவினை மொழிபெயர்த்துச் சொல்வதற்கு இருபத்தைந்து ஆண்டுகள் வேண்டியிருந்தன. அதனைச் சொல்லுமிடத்தும் கேட்போர்க்காக அன்றித் தாயொருத்தியின் கண்ணீர் துடைப்பதற்காகவே சொன்னார்.

அதே கடிதத்திலே மற்றொரு செய்தியும் உளது. பேரன் மறைந்த துக்கத்தை முன்னிட்டுச் சாந்திநிகேதனத்து மழைவிழாவினை அவ்வாண்டு நிறுத்திவிடலாம் எனப் பலரும் கூறினர். அவர் இசையவில்லை. தம் துயரின் சுமையைத் தாமே ஏற்றல் வேண்டும், பிறர்மீது அதனை ஏற்றலாகாது என்பது அவர் துணிபு. இது வறட்சி அன்று. 1918 இல் மூத்த மகள் மாதுரிலதா நோயுற்றிருந்தபோது நாள்தோறும் சென்று அருகிருந்தவர், அவள் இறந்த செய்தி வாயிலிலே கிடைக்க, மாடிக்கு ஏறாமலே திரும்பிச் சென்றார். முகத்தைக் கடைசியாகக் காணும் ஆற்றலற்றுத் திரும்பிய தந்தையை உணர்ச்சியற்றவர் என எவரும் கூறார். துயரைப் பிறர் காண வைப்பதற்கும் துயரிலிருந்து பிறர்க்கு ஒன்றைத் தருவதற்கும் உள்ள வேறுபாட்டினை அவர் அறிந்திருந்தார் என்பதே பொருத்தமாகும். நீதீந்திரன் மறைந்து ஈராண்டு கழிந்த 1934 இல் இலங்கைக்கு வந்து, கொழும்பிலே 'சாபமோசனம்' நாட்டிய நாடகத்தை நிகழ்த்தியும், ஹொறணையில் ஸ்ரீ பாலி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டியும், கண்டியிலே நாவலொன்றை எழுதி முடித்தும் சென்ற முதியவர், எஞ்சியதாகக் கூறிய அப்பணியைத்தான் செய்துகொண்டிருந்தார்.

தமிழ் மாணாக்கர் பலர் தாகூரைக் 'கீதாஞ்சலி' வாயிலாகவே அறிவர். அதனையும் துன்பமறியாத ஞானி ஒருவரின் பக்திப் பனுவலாகவே பயில்வர். வங்காளத்திலே 1910 இல் வெளிவந்த அந்நூல், எட்டாண்டுகளுக்குள் மனைவியையும் இரு மக்களையும் தந்தையையும் இழந்த ஒருவரின் நூல் என்பதை அறிந்து பயில்வோர்க்கு அதன் அமைதி வேறு பொருள் தரும். அதற்காக ஒவ்வொரு பாடலுக்கும் ஓர் இறப்பினைத் தேடிப் பொருத்துதல் வேண்டியதில்லை. அது அவர் கடந்துவந்த வழியைப் பின்னோக்கி நடத்தலாகும். 'ஜீவன ஸ்மிருதி'யின் மரண அத்தியாயத்தை அருகில் வைத்துக்கொண்டு 'கீதாஞ்சலி'யைப் பயிலுதல் போதுமானது. வான்மீகியாக நடித்த பத்தொன்பது வயது இளைஞருக்குக் கிரவுஞ்சத்தின் அலறலும் சுலோகமும் ஒரே காட்சியில் நிகழ்ந்தன. எழுபது கடந்த முதியவரோ, அவ்விரண்டிற்கும் இடையில் ஒருவன் தன் வாழ்நாளிற் பெரும்பகுதியைக் கழிக்க நேரும் என்பதையும், அக்காலமெல்லாம் பள்ளி நடத்தியும் விழா எடுத்தும் பிறர்க்குக் கடிதம் எழுதியும் பணிசெய்துகொண்டே இருத்தல் வேண்டும் என்பதையும் அறிந்திருந்தார்.